முடிச்சில்லாத கயிறுகள்

சவுக்குத் தோப்பு ராவுத்தரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “பார்த்துட்டுச் சொல்றேன்.”

நாளைக்கு மழை உண்டா ராவுத்தரே என்றால் பார்த்துட்டுச் சொல்றேன். கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்துவிட்டதா, அக்கரைக்கு நடந்து போகலாமா என்றால் பார்த்துட்டுச் சொல்றேன். அதோடு விட்டுவிடவும் மாட்டார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, தொடைவரை நனைந்து திரும்பி வந்து, “நடுவுல இழுப்பு இருக்கு. நாளன்னிக்குப் போங்க” என்பார். வாய்க்கு வந்ததைச் சொல்லுகிற பழக்கமே கிடையாது.

என் நாத்தனாருக்கு வாய் நீளம். ஒருநாள் வேண்டுமென்றே, “ஏன் ராவுத்தரே, நாளைக்குச் சூரியன் கெழக்காலதானே உதிக்கும்?” என்று கேட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. “உதிச்சா உனக்கும்தான் தெரியப்போவுது. அதுக்கு நான் எதுக்கு இடையில?” என்றார். நாங்கள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தோம்.

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. பெண்கள் நாங்கள் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நெட்டையான ஆள். இடுப்பில் பச்சை பெல்ட், தலையில் தொப்பி, கையில் ஒரு மூங்கில் கழி. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டுக் காவேரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குத் தொழுகைக்கு நடந்து போவார். மற்ற ஆறு நாளும் தோப்புதான். பெண்சாதி காலமாகிவிட்டாள், மகள் தென்னூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி அவர் வெகுநாள் எதுவும் சொன்னதில்லை.

அவருடைய அந்தப் ‘பார்த்துட்டுச் சொல்றேன்’ எனக்குச் சில சமயம் எரிச்சலாக இருந்ததும் உண்டு. என் மூத்த மகளுக்கு நாலு வயதில் காய்ச்சல் கண்டு, கண் செருகிவிட்டது. தூக்கிக்கொண்டு தோப்பு வழியாக ஸ்ரீரங்கத்துத் தர்மாஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் “ஒண்ணும் ஆவாதும்மா, பெருமாள் இருக்கார்” என்றார்கள். ராவுத்தர் குடிசை வாசலில் நின்றிருந்தார். “ராவுத்தரே, பொழைச்சுக்குவாளா?” என்று அழுதுகொண்டே கேட்டேன். அந்த மனுஷர் அப்போதும், “பார்த்துட்டுச் சொல்றேன் தங்கச்சி” என்றார்.

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஆனால் என் பின்னாலேயே வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நாலு மணிக்குப் பிள்ளைக்கு வேர்த்தது. உள்ளே வந்து, நெற்றியைத் தொடாமல், கால் விரலைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை காலை இழுத்துக்கொண்டது. “சரியாயிடும்” என்றார். காலையிலிருந்து எத்தனையோ பேர் சொல்லியும் இறங்காத தைரியம் அந்த ஒரு சொல்லில் இறங்கியது.

தோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொள்ளிடக்கரைப் படுகையில் ஒரு காலத்தில் நெல் விளைந்ததாம். பெரிய வெள்ளம் ஒன்று வந்து ஆள் உயரத்துக்கு மணலைக் கொட்டிவிட்டுப் போயிற்று. அதற்கப்புறம் அங்கே நெல் ஏது? நிலத்துக்காரர்கள் சவுக்கு போட்டார்கள். நான் கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் கன்று நட்டது. காவலுக்கு ராவுத்தரை வைத்தார்கள். குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றியதில் நானும் ஒருத்தி.

சவுக்கு வளர்ந்தபிறகு எங்களுக்குச் சருகு கூட்டுகிற வேலை. சவுக்குச் சருகு ஊசி ஊசியாக உதிரும். அடுப்புக்கும் சூளைக்கும் நல்ல எரிபொருள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் தினமும் விளக்குமாறோடு போய் அரித்துக் கூட்டிக் கட்டுவோம். கட்டு கட்டுவதில் அந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் விளக்குமாறு படக்கூடாது. தோப்பின் மேற்கு மூலையில், வண்டிப்பாதையை ஒட்டி, பத்தடிக்குப் பத்தடி இருக்கும், நாலு முனையிலும் நாலு கல் நட்டு வைத்திருந்தார் ராவுத்தர். அதற்கு நாங்கள் வைத்த பேர் நாலு கல் மூலை. கூட்டாமல் விட்டதால் அங்கே சருகு மெத்தைபோல் கிடக்கும். எனக்குக் கை ஊறும்.

ஒருநாள் பொறுக்காமல் உள்ளே கால் வைத்தேன். எங்கிருந்தோ வந்து கழியைக் குறுக்கே நீட்டினார்.

“வெளியே வா தங்கச்சி.”

“இது என்ன உங்க அத்தா வீட்டுச் சொத்தா? உதிர்ந்த சருகு ராவுத்தரே, சருகு! இதுல நாலு கட்டு கட்டிருவேன் நான்.”

“தோப்பு பூரா கூட்டிக்க. இங்க வேணாம்.”

“ஏன், அடியில ஏதாச்சும் புதைச்சு வெச்சிருக்கீங்களா?”

“அதைத்தான் நானும் பார்க்கணும்” என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபத்தில் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததா என்பதும் தெரியவில்லை.

காரியக்காரருக்கும் அந்த மூலை பிடிக்காது. நிலத்துக்காரர் சார்பில் ஸ்ரீரங்கத்திலிருந்து திருமண் பளிச்சென்று வந்து மேற்பார்வை பார்க்கிற பெரியவர் அவர். “என்னங்காணும் ராவுத்தரே, தோப்பு கண்ணாடியாட்டம் கெடக்கு, இங்கே மட்டும் குப்பைமேடு? ஒரு பீடி நெருப்பு விழுந்தா என்ன கதி?” என்பார். ராவுத்தர் நாலு கல்லுக்கும் வெளியே சுற்றிவர இரண்டு முழ அகலத்துக்குச் சருகை வாரி வெறும் மணலாக்கினார். நெருப்பு தாண்டாது. அதற்குமேல் காரியக்காரரும் பேசவில்லை.

மழைக்காலம் முடிந்து மார்கழி பிறந்தால் ராவுத்தர் அந்த மூலைக்குள் முட்டிபோட்டு இறங்குவார். சருகை ஒவ்வொரு பிடியாக விலக்கி, ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்து, விலக்கியதை அப்படியே மூடி வைப்பார். ஒரு முழுப் பகல் ஆகும். “ராவுத்தர் பூமிக்குப் பேன் பார்க்கிறாரு” என்று நாத்தனார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பார்த்து முடித்ததும் கற்றாழை நாரில் கயிறு திரிப்பார். மூலையில் எத்தனை வகைச் செடி இருந்ததோ அத்தனை முடிச்சு. ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் அந்தச் செடியின் விதையோ காம்போ முள்ளோ வைத்து இறுக்குவார். அவருக்கு எழுத்து தெரியாது. எனக்கும் அப்போது கையெழுத்துகூட வராது.

குடிசைக் கூரையின் இறவாணத்தில் அந்தக் கயிறுகள் வரிசையாகத் தொங்கும். முதல் வருஷத்துக் கயிறு பாகற்காய் மாதிரி முடிச்சு முடிச்சாக இருக்கும். கன்று முழங்கால் உயரம் இருந்த காலம் அது. வெயில் நன்றாக விழுந்தது. தும்பை, நெருஞ்சி, ஆவாரை, கோரை, சாரணை, நாயுருவி என்று என்னென்னவோ வந்திருந்தன. முப்பதுக்கு ஒன்று குறைவு. இரண்டாம் கயிறும் அப்படித்தான். மூன்றில் பாதியாயிற்று. சவுக்கு தலைக்குமேல் போய்க் கிளை கோத்துக்கொண்டது. நாலாம் கயிற்றில் ஐந்து முடிச்சு. ஐந்து, ஆறு, ஏழில் ஒன்றுமே இல்லை. வெறும் கயிறு. ஒன்றுமில்லாவிட்டாலும் மனுஷர் உட்கார்ந்து திரித்துத் தொங்கவிட்டிருந்தார்.

அங்கேதான் நான் தப்பு செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. என் வெள்ளாடு கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு கொள்ளிடத்துப் பக்கம் ஓடப் பார்த்தது. அவசரத்துக்குக் கயிறு வேண்டும். குடிசை இறவாணத்தைப் பார்த்தேன். முடிச்சுப் போட்டதெல்லாம் அவர் கணக்கு, அதைத் தொடக்கூடாது என்ற மட்டும் எனக்குப் புத்தி இருந்தது. முடிச்சில்லாத மூன்றும் சும்மா கிடக்கிற கயிறு என்று நினைத்தேன். உருவி, மூன்றையும் சேர்த்து முறுக்கி, ஆட்டைக் கட்டி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

தொழுகை முடிந்து வந்தவர் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தார். அதற்குமுன் அவர் எங்கள் தெருவுக்குள் வந்தது கிடையாது. முகம் வெளுத்திருந்தது.

“கயிறு எங்க தங்கச்சி?”

“அதான் ராவுத்தரே, ஆடு ஓடிருச்சு. வெறுங்கயிறைத்தான் எடுத்தேன். முடிச்சுப் போட்டது எதையும் தொடலை.”

அவர் ஆட்டைப் பார்த்தார். அது கயிற்றின் நுனியை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“முடிச்சு இருக்கிறதை எடுத்திருந்தாலும் மனசு ஆறியிருக்கும்” என்றார். “அங்க என்ன வந்துச்சுன்னு அந்த மண்ணைப் பார்த்தாலே தெரிஞ்சுக்கலாம். ஒண்ணுமே வராத வருஷம் இருந்துச்சுன்னு எதைக் காட்டிச் சொல்லுவேன்? எனக்கு முக்கியமே அந்த வெறுங்கயிறுதான்.”

நான் ஆட்டை அவிழ்த்தேன். கயிற்றைப் பிரித்து நீவி அவர் கையில் கொடுத்தேன். நான் போட்ட முடிச்சு ஒன்றில் ஆட்டு மயிர் சிக்கியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் ஆடு ஒண்ணு முளைச்சிருக்கு” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு செம்பு மோர் கொடுத்தேன். வாசலிலேயே குந்தி உட்கார்ந்து குடித்தார். “யாருக்குக் காட்டணும் ராவுத்தரே இதையெல்லாம்?” என்று அப்போதுதான் கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னார்.

வாலிபத்தில் அவர் மேற்கு மலைக்குக் கூலியாட்களைக் கூட்டிக்கொண்டு போன மேஸ்திரி. அங்கே துரைமார்கள் ஒரு மலைச்சரிவைச் சுத்தமாக வெட்டி எரித்து, பைன் நடச் சொன்னார்கள். நம்முடைய சவுக்கு மாதிரிதான் அதுவும், ஊசி இலை, ஆனால் நீளம். சரிவில் ஒரு மலைக்காரப் பெண்பிள்ளை தேன் எடுத்துப் பிழைத்தவள். தேனீ மொய்க்கிற புதர் ஒன்று அங்கே இடுப்பளவு வளர்ந்திருந்ததாம். வெட்டின அன்றைக்கு அவள் இவரிடம் வந்து, “மேஸ்திரி, இது திரும்பி வருமா?” என்று கேட்டாள். இவருக்கு வேலை அவசரம். “வரும் வரும், தலையில அடிச்சுச் சத்தியம் பண்றேன்” என்று சொல்லிவிட்டுத் தீயை வைத்தார்.

“பைன் நட்டேன். அஞ்சு வருஷம் பார்த்தேன். அதுக்குக் கீழே ஒரு புல்லு வரலை. செத்த ஊசிதான். அந்தம்மா வருஷா வருஷம் வந்து ஓரத்துல நின்னு பார்த்துட்டுப் போவாங்க. என்னை ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும்.” மோர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தார். “அப்புறம் என்னை மலையிலேருந்து இறக்கி விட்டுட்டாங்க. நான் சொன்னது பொய்யா நிஜமான்னு பார்க்காமலே வந்துட்டேன். இங்க சவுக்கு நடுறப்போ நினைச்சேன், இதுவும் ஊசிதான், இதுல பார்த்துக்கலாம்னு.”

“வரலைன்னா?”

“பார்த்துட்டுச் சொல்றேன்.”

அன்றையிலிருந்து அந்த வார்த்தை எனக்கு எரிச்சலாக இருந்ததில்லை. நாலு கல்லுக்குள் யாராவது விளக்குமாற்றை நீட்டினால் நான் முதலில் கத்துவேன்.

எட்டாம் வருஷம் ஐப்பசிப் புயலில் அந்த மூலையில் இரண்டு சவுக்கு சாய்ந்தது. மேலே ஓட்டை விழுந்து வெயில் எட்டிப் பார்த்தது. சருகு மெத்தையும் அடியில் மக்கிப்போய், கையை விட்டால் கறுப்பாக, ஈரமாக, காப்பித்தூள் மாதிரி வந்தது. அந்த மார்கழியில் ராவுத்தர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். சருகுக்கு நடுவில் இரண்டு இலை. வேப்பங்கன்று. காக்கை போட்ட விதை. அவர் அதைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த கொட்டையின் ஓட்டுத் துண்டை மட்டும் எடுத்து முடிச்சுக்குள் வைத்தார். எட்டாம் கயிற்றில் ஒரே ஒரு முடிச்சு. ஒன்பதில் நாலு. பத்தில் ஒன்பது. நாங்கள் தினம் கூட்டிய மற்ற இடத்தில் எல்லாம் அப்போதும் மொட்டை மணல்தான்.

மற்ற இடங்களில் சவுக்கை ஆறேழு வருஷத்தில் வெட்டிவிடுவார்கள். எங்கள் தோப்பு நிலத்துக்காரரின் பங்காளி வழக்கில் சிக்கிக்கொண்டதால் யாரும் கோடாலி வைக்க முடியவில்லை. ராவுத்தருக்கு அந்த வழக்கால் வந்த நன்மை அது. பதின்மூன்றாம் வருஷம் வழக்குத் தீர்ந்தது. அப்போது ஜப்பான் சண்டை நடந்துகொண்டிருந்தது. விறகுக்கு எங்கும் தட்டுப்பாடு. புரட்டாசியில் வெட்டு என்று உத்தரவு வந்துவிட்டது. முசிறிப் பக்கத்திலிருந்து வெட்டுக்காரர்கள் கோடாலியோடு வந்து இறங்கினார்கள். வண்டிப்பாதை மேற்கே இருந்ததால் அங்கிருந்துதான் ஆரம்பம், அதாவது முதல் மரமே நாலு கல் மூலையில்.

ராவுத்தர் காரியக்காரர் முன்னால் போய் நின்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான். “மார்கழி வரைக்கும் அந்த மூலையை மட்டும் விட்டுக் கொடுங்க சாமி. இந்த மழையும் பெய்யட்டும். கடைசிக் கயிறு திரிச்சுக்கிறேன்.”

காரியக்காரர் கெட்டவர் இல்லை. “சரி ஓய், மார்கழியிலே அங்கே அப்படி என்ன வந்துடும்? மூலிகை கீலிகை ஏதாவது உண்டா? சொல்லும், நான் மேலே சொல்லி நிறுத்தி வைக்கிறேன்.”

நாங்கள் பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றோம். நன்னாரி வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் வாயை அசைத்தே காட்டினேன்.

“பார்த்துட்டுச் சொல்றேன் சாமி” என்றார் ராவுத்தர்.

காரியக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “இவரோட பேச முடியாது. நாளைக்கு வெட்டு!”

அவர் போனபிறகு ராவுத்தரை நாங்கள் பிடித்துக்கொண்டோம். “ஒரு பொய் சொன்னா வாய் வெந்தா போயிடும்?” என்றாள் நாத்தனார். அவர், “ஒண்ணு சொல்லித்தானே தங்கச்சி இத்தனை வருஷமா முட்டி தேயறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வெட்டில் ஒரு முறை உண்டு. ஆண்கள் மரத்தைச் சாய்ப்பார்கள். பெண்கள் சிறு கிளைகளை, அதுதான் மிலாறு, கழித்துக் கட்டி அப்புறப்படுத்துவார்கள். மிலாறு அப்படியே கிடந்தால் அடுத்த மரத்தில் கோடாலி வைக்க இடம் இருக்காது. ஆக, பெண்கள் எங்கே உட்காருகிறார்களோ அங்கேதான் வெட்டு நடக்கும். மறுநாள் விடிந்ததும் பன்னிரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்த் தோப்பின் கிழக்குக் கடைசியில் உட்கார்ந்தேன்.

வெட்டுக்கார மேஸ்திரி அலறினான். “வண்டி மேற்கே நிக்குது, நீங்க இங்க என்ன பண்றீங்க?”

“கெழக்கேருந்துதான் ஆரம்பிப்போம்.”

“என்னாத்துக்கு?”

“நல்ல காரியத்தைக் கெழக்கே பார்த்து ஆரம்பிக்கணும். சாமியைக் கேளுங்க.”

காரியக்காரர் திருமண் இட்ட நெற்றியோடு நின்றுகொண்டு இதை இல்லை என்று எப்படிச் சொல்வார்? என்னை ஒரு பார்வை பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. “கட்டை எல்லாம் வண்டிக்கு எப்படிப் போகும்?” என்றார்.

“மிலாறும் விறகும் எங்க தலையில போகும் சாமி. வண்டிவரைக்கும் நாங்களே சுமந்து கொண்டாந்து போடறோம்.”

“அவ்வளவு தூரமா? உன் கழுத்து தாங்குமா?”

“பாருங்க.”

சுமந்தோம். மழையிலும் சேற்றிலும் தோப்பின் நீளத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று எண்ணவில்லை. எனக்குக் கழுத்து ஒரு பக்கம் திரும்பாமல் போயிற்று, இன்றைக்கும் முழுசாகத் திரும்பாது. ராவுத்தர் மூன்றாம் நாள் வந்து, “எதுக்கு தங்கச்சி இந்தப் பாடு?” என்றார்.

“உங்க கயித்துல ஆட்டைக் கட்டினேனே, அதுக்கு” என்றேன்.

மார்கழி பிறந்தபோது மேற்கே கொஞ்சம் மரங்கள்தான் மிச்சம், நடுவில் நாலு கல் மூலை. ராவுத்தர் முட்டிபோட்டு இறங்கினார். அவருக்கு அப்போது முதுகு நிமிராது. வெட்டுக்காரர்களும் கோடாலியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலம் கயிறு முடிந்தது. முப்பத்தொரு முடிச்சு. முதல் கயிற்றைவிட இரண்டு அதிகம். நாங்கள் குலவை போட்டோம்.

அவர் போடச் சொல்லவில்லை. முதல் கயிற்றையும் பதின்மூன்றாம் கயிற்றையும் மணலில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்து, முடிச்சுக்கு முடிச்சு தடவிப் பார்த்தார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம் வற்றிப்போகிற அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

“நாலுதான் ரெண்டுலயும் இருக்கு” என்றார் கடைசியில். “வேம்பு, நுணா, கோவை, முடக்கத்தான், குன்றிமணி எல்லாம் புதுசு. பறவை போட்டது, நிழல்ல வர்றது. முன்னால இருந்த தும்பை இல்லை. நெருஞ்சி இல்லை. ஆவாரை, கோரை எதுவும் இல்லை. வருது தங்கச்சி. ஆனா போனது வரலை. வேற வருது.”

“அப்ப நீங்க அந்தம்மாகிட்ட சொன்னது?”

“பாதிப் பொய்.”

எழுந்து வெட்டுக்கார மேஸ்திரியைப் பார்த்து, “இனிமே வெட்டிக்கங்க” என்றார். காவலுக்கு மரம் இல்லாததால் அவருக்கு வேலையும் அன்றோடு சரி. பொங்கல் கழிந்ததும் மலைக்குப் போகிறேன் என்று வந்து சொன்னார். பாதிப் பொய் என்பதை அந்தப் பெண்பிள்ளையிடமே சொல்லிவிட வேண்டுமாம். மகள் அழுது தடுத்தும் கேட்கவில்லை. முதல் கயிற்றையும் கடைசிக் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, மற்றதை என்னிடம் கொடுத்தார். வெறுங்கயிறு மூன்றும் மேலே இருந்தது. “இதை ஆட்டுக்குக் கட்டாதே.”

“முப்பது வருஷம் ஆச்சே ராவுத்தரே. அந்தம்மா உசுரோட இருக்காங்களோ என்னவோ?”

“பார்த்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார்.

அடுத்த ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. நிலத்தை மறுபடி நடாமல் அப்படியே போட்டிருந்தார்கள். ஒருநாள் மிலாறு பொறுக்கலாம் என்று அந்தப் பக்கம் போனவள் நாலு கல் மூலையில் நின்றுவிட்டேன். அடிக்கட்டைகளுக்கு நடுவே வெள்ளை வெளேர் என்று தும்பை பூத்திருந்தது. கால் வைத்தேன், நெருஞ்சி முள் குத்தியது. ஆவாரை ஒரு சாண் வந்திருந்தது. பத்து வருஷமாக விதை மணலுக்கு அடியிலேயே கிடந்திருக்கிறது. அதற்கு வேண்டியதெல்லாம் வெயில். எங்கேயும் போகவில்லை அது.

அங்கேயே முட்டி போட்டேன். பின்னால் வந்த நாத்தனார், “போச்சுடா! இப்ப நீயும் பேன் பார்க்க ஆரம்பிச்சுட்டியா அண்ணி?” என்றாள். கற்றாழை நார் கொண்டுவரச் சொன்னேன். அவள் கொண்டுவந்தாள், அவளே பாதியைத் திரித்தும் கொடுத்தாள். முதல் முடிச்சில் தும்பை. இரண்டாவதில் நெருஞ்சி, என் காலில் ஏறிய அதே முள். புதிதாக வந்து வெட்டிலும் சாகாமல் துளிர்த்த வேம்புக்கும் நுணாவுக்கும் முடிச்சு உண்டு. அந்தக் கயிறு மற்ற எல்லாக் கயிற்றையும்விட நீளம்.

திருச்சி மார்க்கெட்டிலிருந்து மலையடிவாரத்துக்கு வாழைத்தார் ஏற்றிப் போகிற லாரிக்காரர் ஒருவரைப் பிடித்தேன்; சண்டைக்காலத்துப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரி வாயுவில் ஓடுகிற லாரி. “அட்ரஸ் என்னம்மா?” என்றார்.

“அட்ரஸ் இல்லை. எது கேட்டாலும் பார்த்துட்டுச் சொல்றேன்னு ஒரு ராவுத்தர் சொல்லுவாரு. அவர்கிட்ட சேர்க்கச் சொல்லுங்க.”

“லெட்டரா?”

“ஆமா” என்றேன்.

ஆறேழு மாதம் ஒரு தகவலும் இல்லை. பெண்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். நான் மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் லாரிக்காரர் முகத்தைப் பார்ப்பேன். அவர் தலையை ஆட்டிவிடுவார். ஆடி மாதம் ஒருநாள் அவரே கை தட்டிக் கூப்பிட்டார். ராவுத்தரை அவர் நேரில் பார்க்கவில்லையாம். மலையிலிருந்து பொதி கொண்டு இறங்குகிற ஓர் ஆள், திருச்சிக்குச் சேர வேண்டியது என்று கைமாற்றினானாம். இலையில் சுற்றிய சின்னப் பொட்டலம்.

வீட்டுக்கு வந்து பிரித்தேன். கயிறு. நம் ஊர் நார் இல்லை, ஏதோ மரப்பட்டை. ஆனால் முடிச்சு அவர் முடிச்சு. முதல் முடிச்சில் நீளமான ஊசி இலை ஒரு கொத்து. அதற்கப்புறம் வெறுங்கயிறு. கையால் முழம் போட்டேன், முழம் முழமாக வெறுங்கயிறு. அதைத் தாண்டி நுனிக்குக் கிட்டே ஒரு முடிச்சு. உள்ளே நான் பார்த்தே இராத ஒரு செடியின் காம்பு. கடைசியாக இன்னொரு முடிச்சு. அழுத்திப் பார்த்தேன், விரலில் பிசுபிசுத்தது. மோந்து பார்த்தேன். தேன்மெழுகு.

நாத்தனார் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “மலையிலேருந்து லெட்டர் வந்திருக்காமே. யாரைக் கொண்டு படிக்கச் சொன்னே அண்ணி? என்ன எழுதியிருக்காரு?”

“யாரும் படிக்க வேணாம். நானே படிச்சுட்டேன்” என்றேன். “பார்த்துட்டேன்னு எழுதியிருக்காரு.”